வாசல் தெளிக்காத நாள்

எங்கள் ஊருக்கு இப்போது போக வேண்டுமென்றால் பரளச்சி ரோட்டில் இறங்கி, சீமைக்கருவேலைக்குள் ஆடு போட்ட தடத்திலே நடக்க வேண்டும். நடந்து போனாலும் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நாலு மண்சுவர், ஒரு அம்மன் பீடம், வேதக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்களின் குருசடி, கைப்பிடி கழன்ற அடிபம்பு. ஊர் எப்படி அழிந்தது என்று கேட்கிறவர்கள் கொள்ளைநோய், கலவரம், பேய் என்று ஏதாவது வருமென்று வாயைப் பார்க்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரைச் சர்க்கார் கணக்கிலிருந்து எடுத்த நாளில் என் கையும் அதில் இருந்தது. அதை நான்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னால் எனக்குப் பரிந்து சொல்லுவார்கள், இல்லாவிட்டால் ஏசிச் சொல்லுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

நான் கல்யாணமாகி வந்தபோது நாற்பது கூரைக்குக் குறையாது. எல்லாம் மழைக்கு மானத்தைப் பார்த்த கரிசல். பருத்தி, சோளம், மல்லி. கிணறு வெட்டினால் உப்பு. அடிபம்பு இறக்கினார்கள், அதுவும் உப்பு. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஊருணித் தண்ணீர் ஒன்றுதான் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். எழுபதுகளில் மழை வரிசையாகப் பொய்த்தபோது ஊருணியும் வெடித்துப் போனது. கண்மாய்க்குள் ஊத்துத் தோண்டி, குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் விட வேண்டும். ஒரு குடம் நிறைய அரைப்பொழுது ஆகும். முன்னால் இருப்பவள் எழுந்தால்தான் அடுத்தவள் இறங்க முடியும். பெண்டுகளுடைய பாதிச் சண்டை அந்தக் குழிக்குள் நடந்ததுதான்.

பிறகு பெண் கொடுக்க மறுத்தார்கள். "தண்ணியில்லாக் காட்டுக்குப் புள்ளையத் தள்ளிவிட எங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அப்படியும் என் மகனுக்கு ஒருத்தியைக் கொண்டுவந்தேன். அவள் இரண்டு மாதம் குடம் தூக்கினாள். மூன்றாம் மாதம், "இடுப்புல குடத்தோட பொறந்தவளுக்குத்தான் அத்தே உங்க ஊரு லாயக்கு" என்று சொல்லி, அவனையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனாள். அவனுக்கு அங்கே தறியில் வேலை. அவள் பேரில் எனக்குக் கோபமில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

இப்படித்தான் ஒவ்வொரு வீடும் போனது. யாரும் அழுது விழுந்து போகவில்லை. கதவைப் பூட்டி, "பொங்கலுக்கு வாரோம்" என்று சொல்லிப் போனார்கள். முதல் பொங்கலுக்கு வந்தார்கள். இரண்டாம் பொங்கலுக்கு ஆம்பிளை மட்டும் வந்தான். அதற்கடுத்த வருசம் ஒரு வண்டி வந்து கூரையிலிருந்த பனங்கையை ஏற்றிக்கொண்டு போனது. தொண்ணூறு பிறந்தபோது புகை கிளம்புகிற வீடு ஏழு. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வந்து கூப்பிடும்போதெல்லாம், "வாடகை வீட்டு வாசல்ல நான் நின்னதில்ல, இனியும் நிக்க மாட்டேன்" என்று அனுப்பிவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் பைப்புப் பேச்சு வந்தது. எங்கேயோ ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, ரோட்டோரமாக ஊர் ஊராகக் கொடுக்கப் போகிறார்களாம். எங்கள் ஊருக்கும் கிளை போட்டு ஒரு தொட்டி கட்டித் தருவார்களாம், ஊரில் ஆள் இருந்தால். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வரும் தலையாரி அதை விவரமாகச் சொன்னார்.

"பெரியம்மா, ஏழு வீட்டுக்கெல்லாம் தொட்டி கட்ட மாட்டாக. இருவது வீடாச்சும் பொழங்கணும். ஆபீசர் ஜீப்புல வருவாரு. எறங்கி வீட்டுக்குள்ளயா வந்து பாக்கப் போறாரு? வாசலப் பாப்பாரு. தெளிச்சுக் கோலம் கெடந்தா ஆள் இருக்குன்னு எண்ணிக்கிட்டுப் போயிருவாரு."

"பூட்டிக் கெடக்குமேய்யா?"

"காட்டு வேலைக்குப் போயிருக்காகன்னு நான் சொல்லிக்கிறேன். நான் ஜீப்புலதான வருவேன்."

பொய்தான். ஆனால் யார் வாயிலிருந்தும் பிடுங்குகிற பொய்யில்லை. தண்ணீர் வந்தால் மகன் திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருந்தான். வராவிட்டால் நான்தான் போய் மருமகள் வீட்டு மூலையில் ஒண்ட வேண்டும். எனக்கு அந்த ஒன்றுதான் நெஞ்சில் கிடந்தது.

ஏழு வீட்டுப் பெண்டுகளும் ஊர் முழுவதையும் பங்குபோட்டுக்கொண்டோம். ஜீப்பு எந்த நாளில் வரும் என்று தெரியாது என்பதால் விடிந்தால் எல்லா வாசலும் நனைந்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பம்பில் கொட்டியது, அதற்குக் குறையில்லை. சாணம்தான் கிடைக்கவில்லை. வேதக்காரப் பெண் ஒருத்தியிடம் மட்டும் ஒரு பசு நின்றது. ஒரு பசுச் சாணத்தை, கூரை மிஞ்சியிருந்த இருபத்து மூன்று வாசலுக்குக் கரைத்தால் என்ன ஆகும்? அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள்தான் இன்னொன்றும் சொன்னாள்.

"ஏத்தா, எல்லா வாசல்லயும் உன் கைக்கோலமே கெடந்தா ஆபீசருக்குத் தெரிஞ்சுபோகாதா? மாத்தி மாத்திப் போடுங்க."

அதனால் வீட்டுக்கு வீடு ஆளை மாற்றினோம். ஒரு வாசலில் சிக்குக் கோலம், ஒரு வாசலில் நாலு புள்ளியோடு முடிந்த சோம்பேறிக் கோலம். சோம்பேறிக் கோலம் போடுவதற்குத்தான் போட்டி.

இதில் கைகொடுக்காமல், கேலி மட்டும் பண்ணிக்கொண்டிருந்த ஆள் ஒருவர். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. கீழக்கோடியில் வீடு. அவருக்கும் எனக்கும் பதினாலு வருசமாகப் பேச்சில்லை. ஊருணியில் கடைசித் தண்ணீர் கிடந்த காலத்தில் ஆட்டை உள்ளே இறக்கினார். நான் கரையில் நின்று சத்தம் போட்டேன். ஊர் பார்க்க, "ஆடு குடிச்ச தண்ணியக் குடிச்சா மதினிக்குக் கொம்பா மொளைக்கப் போகுது? இருக்குற கொம்பு போதாதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு முடித்தேன். அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி முறையானவள், அவளோடும் முடித்தேன். அதற்குப் பிறகு எதிரே வந்தால் அவர் ஆட்டிடம்தான் பேசுவார். "ஏ மூளி, ஒதுங்கிப் போ. ராணியம்மா வாராக, பாத குலுங்குது பாரு." நான் கேட்காதது போல் போவேன். வீட்டுக்கு வந்து சிரித்ததும் உண்டு.

பூட்டிய வீட்டுக்கு நாங்கள் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு, அதையும் ஆட்டிடம் சொன்னார். "பூட்டுன வீட்டுல எலிக்குக் கல்யாணமாம். கோலம் போட்டாச்சு, உனக்குத்தான் பத்திரிகை வரல." ஆனாலும் அவர் மனைவி அவள் பங்கு வாசலை ஒரு நாளும் விடவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் வேதக்காரப் பெண்தான் தாக்கல் கொண்டுபோவாள், கொண்டுவருவாள்.

இருபது நாள் போல இப்படி நடந்தது. ஒரு சாயங்காலம் தலையாரி வந்து, "பெரியம்மா, நாளைக்குக் காலம்பற வாராக, உறுதி" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே நான் எழுந்து வாளியில் சாணத்தைக் கரைத்துவிட்டேன். முதல் கை அள்ளுவதற்கு முன்னால் யாரோ தெருவில் நிற்கிறது மாதிரி இருந்தது. பார்த்தால் கொழுந்தன் மனைவி. தலை முடியாமல், முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாலு வருசத்துக்குப் பிறகு என் வாசலுக்கு வருகிறாள்.

"அக்கா. உங்க கொழுந்தன் போயிட்டாக."

சாணம் அள்ளப் போன கையை எடுத்துவிட்டேன்.

"கோழி கூப்புடத் தண்ணி கேட்டாக. செம்புல மொண்டுட்டு வாரதுக்குள்ள..." அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, "இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல. நான் அழுகவும் இல்ல. நீங்க தெளிங்க. எல்லாரையும் தெளிக்கச் சொல்லுங்க. ஜீப்பு வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்பறம் அழுதுக்கிறேன்."

"அடி கிறுக்கச்சி. புருசன உள்ள கெடத்திட்டு வாய மூடிக்கிட்டு இருந்துருவியா?"

"இருந்துருவேன்க்கா. தண்ணி வரும்ல."

இறந்த வீடு ஒன்று இருந்தால், பிணத்தை எடுக்கிற வரைக்கும் எங்கள் ஊரில் எந்த வாசலிலும் தண்ணீர் விழாது. கோலம் விழாது. அடுப்பு எரியாது, மாடு பூட்ட மாட்டார்கள். சாதி சனம் பார்க்கிற வழக்கமில்லை அது. வேதக்காரர் வீட்டில் விழுந்தாலும் நாங்கள் தெளிக்க மாட்டோம், எங்கள் வீட்டில் விழுந்தால் அவர்களும் தெளிக்க மாட்டார்கள்.

அந்த நிமிசத்தில் எனக்கு ஆசை வந்தது. அதை மறைக்க மாட்டேன். கரைத்த வாளி காலடியில் இருக்கிறது. செத்தவருக்கு உரிமைப்பட்டவளே தெளி என்கிறாள். ஐந்து நாழிகை பொறுத்தால் போதும். எனக்கு அவரோடு பேச்சும் இல்லை. மகன் வந்து இந்த வீட்டில் விளக்கேற்றுவது வரைக்கும் என் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகையை உள்ளே பிடித்துப் பிடித்துத் தாடை ஆடிக்கொண்டிருந்தது. ஒருத்தியை அப்படி உட்கார்த்தி வைத்துவிட்டு நான் கோலம் போட வேண்டும். அந்தத் தண்ணீர் வந்தால் நான் அதை எப்படிக் குடிப்பேன்? பிணத்தை மறைத்து வைத்துக் குழாய் வாங்கின ஊர் என்று பேர் வரும். அந்தப் பேரும் என் கையால் வந்ததாக இருக்கும். வாளியை அப்படியே தரையில் கவிழ்த்தேன். வாசலில் இல்லை, கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். "நட" என்று அவள் கையைப் பிடித்தேன். அவர் வீட்டுக்குள் நுழையும்போதே, "என் கொழுந்தனாரே" என்று வாய்விட்டேன். பதினாலு வருசத்தில் அவரிடம் நான் பேசின முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அவள் அழுத அழுகையை எந்த ஊர் கேட்டாலும் தாங்காது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். வேதக்காரப் பெண் அதற்குள் தன் வாசலைத் தெளித்து முடித்திருந்தாள். தாக்கல் கேட்டதும் காலாலேயே கோலத்தை அழித்துவிட்டு வந்தாள் என்று பின்னால் தெரிந்தது. ஆம்பிளைகள் மூன்று பேர்தான். ஒருவர் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வீரசோழன் பக்கம் பஸ் ஏறினார். இரண்டு பேர் குழி வெட்டப் போனார்கள்.

"ஏத்தா, ஜீப்பு வந்தா?" என்று வேதக்காரப் பெண் என்னிடம் கேட்டாள்.

"வரட்டும். வாசல் தெளிக்காம கெடக்குறதப் பாத்தா ஊர்ல சாவு, துட்டி விழுந்திருக்குன்னு தெரியாத மனுசன் உண்டா? எறங்கி வந்து கேப்பாரு. அப்பச் சொல்லுவோம். தலையாரியும் கூட வாராருல்ல" என்றேன்.

நான் செய்த தப்பு அது. வாளியைக் கவிழ்த்தது தப்பில்லை, இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ரோட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி நிறுத்தாததுதான் தப்பு. எங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பு வந்தது. தலையாரியை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் போல, அவர் இல்லை. மேலக்கோடி வழியாக வந்து, பூட்டிய கதவும் காய்ந்த வாசலுமாக இரண்டு தெருவையும் பார்த்திருக்கிறார்கள். இறந்த வீடு கருவேலை மறைப்புக்கு அந்தப் பக்கம். அந்த நேரத்தில் நாங்கள் அழுது ஓய்ந்து, தொண்டை வற்றி உட்கார்ந்திருந்தோம். ஆரன் சத்தம் இரண்டு முறை கேட்டது. வேதக்காரப் பெண்தான் முதலில் எழுந்தாள். "ஐயா, ஐயா" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது புழுதிதான் இருந்ததாம். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பிணம் எடுத்தார்கள். எடுத்த பிறகு முறைப்படி எல்லா வாசலும் தெளித்தோம். பழக்க தோசத்தில் பூட்டிய வீட்டு வாசலையும் தெளித்துவிட்டாள் ஒருத்தி. ஊர் முழுக்க ஈரமாகக் கிடந்தது. பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் திருச்சுழி ஆபீசுக்குப் போனேன். கூடக் கொழுந்தன் மனைவியும் வந்தாள், வெள்ளைச் சேலையோடு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மனு எழுதிக் கொடுக்கிறவர் கைநாட்டு மையை என் பக்கம் தள்ளினார். நான் அதை ஒதுக்கிவிட்டு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேச்சிராக்குன்னு எழுதியாச்சேம்மா" என்றார்.

"அப்படின்னா?"

"குடியில்லாத கிராமம். வெளக்கு எரியாத ஊருன்னு அர்த்தம்."

"நாங்க ரெண்டு பேரும் எந்த ஊர்ல வெளக்குப் பொருத்துறோம்? உங்க முன்னாடிதான நிக்கிறோம்?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை.

"அன்னிக்கு எங்க ஊர்ல துட்டி சாமி. இவ புருசன்தான். அதான் வாசல் தெளிக்கல."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்மா, தெரியும். ஒருத்தர் ரோட்டுல நின்னு சொல்லிருக்கக் கூடாதா?"

"வாசலப் பாத்தாத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இந்தத் தாள்ல துட்டின்னு எழுதக் கட்டம் இல்லையேம்மா. ஆள் உண்டு, ஆள் இல்ல, ரெண்டுதான் இருக்கு." மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். மேலே அனுப்புகிறேன் என்றார். அனுப்பியும் இருப்பார். பதில் ஒன்றும் வரவில்லை. நான் அதற்குப் பிறகும் மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஊர் பேரையே இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

குழாய் ரோட்டோடு போனது. எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டித்தான் போனது. குழி தோண்டும் வேலைக்கு எங்கள் ஊர் ஆள் இரண்டு பேர் போய்க் கூலி வாங்கினார்கள். பக்கத்து ஊருக்குத் தொட்டி எழும்பியது. நாங்கள் அங்கே குடத்தோடு போய் நின்றோம். முதல் மாதம் விட்டார்கள். இரண்டாம் மாதம், "எங்களுக்கே பத்தலத்தா" என்றார்கள். அவர்கள் பேரிலும் குற்றமில்லை. அடுத்தவன் குழாயடியில் கடைசி ஆளாக நிற்பது எனக்குப் பழகவில்லை. அதன் பிறகு ஊர் கரைய ஒரு வருசம்கூட ஆகவில்லை. வேதக்காரப் பெண் பசுவை ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் மனைவியை அவள் மகள் வந்து பரளச்சிக்குக் கூட்டிப் போனாள். நான் கடைசியில்லை, எனக்குப் பின்னாலும் ஒரு கிழவர் இருந்தார். அவர் எப்போது போனார், எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

அருப்புக்கோட்டையில் மகன் வாடகைக்கு இருந்த வீட்டில் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் இடம். மருமகள் குறையில்லாமல் சோறு போட்டாள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் காலையில் வாசல் தெளிக்கப் போனால், "அத்தே, அது மேல் வீட்டுக்காரவுக மொற" என்பாள். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தெளிக்கிற வாசல். நான் தெளிப்பதை விட்டுவிட்டேன்.

சில வருசம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் கொழுந்தன் மனைவியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். இரண்டு பேரும் சிமிண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளைகள், உடம்பு, மழை எல்லாம் பேசி முடிந்தது. பரளச்சி பஸ் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிறாதீக. அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டுத் தெளிச்சிருந்தா, நாம ஊர்லயே இருந்திருப்போம்ல?"

எனக்கு அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இருந்திருப்போம்" என்றேன்.

"எம்மக இன்னமும் ஏசுறா. நல்ல நாளாப் பாத்துச் செத்தாரு எங்கப்பான்னு."

"நீ என்ன சொல்லுவ?"

"நான் என்னத்தச் சொல்ல? அவுகள அழுது அனுப்பினேன். அது வரைக்கும் சரிதான்." பெஞ்சிலிருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஆனா தண்ணிக் கொடத்தத் தூக்கும்போதெல்லாம், நீங்க தெளிச்சிருக்கலாமேன்னும் தோணுதுக்கா."

"எனக்கும்தான் தோணுது" என்றேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து, ஏறிப் போனாள்.